தர்மக் கணக்கில் எழுதிய கூலி

என் கண்ணான மகனுக்கு,

உன் மீது இறைவனின் சாந்தி நிலவட்டும். உம்மா எழுதுகிறேன். நேற்று போனில் "பிரிண்ட் எடுத்தாச்சா உம்மா?" என்று மூன்று தடவை கேட்டாய். நானும் "எடுக்கேன், எடுக்கேன்" என்று மூன்று தடவை சொன்னேன். உண்மையில் எடுக்கவில்லை. குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் நீ குத்தகைக்கு எடுத்திருக்கும் லாட்ஜில் வேலைக்குச் சேரப்போகிற இருபத்தாறு பேருக்கும் கொடுப்பதற்காகத் துபாயிலிருந்து நீ அனுப்பிய உத்தரவுக் கடிதத்தை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் நீ வந்து இறங்கியதும் சாரல் தொடங்கிவிடும், அதற்குள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியாக வேண்டும் என்ற உன் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதில் ஏழாவதாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். போனஸ் வழங்குவது நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தது, அதை யாரும் உரிமையாகக் கோர முடியாது என்று. அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை. போனில் சொன்னால் "பாத்துக்கிடலாம் உம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உன் தங்கை இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பொறுமையாகப் படி. உன்னிடம் நான் சொன்ன ஒரு பொய்யும் இதில் இருக்கிறது.

நீ மூன்றாம் வகுப்பு படித்தபோது, உன் வாப்பா சவூதியிலிருந்து அனுப்பிய பணத்தில் மூன்று தையல் மிஷின் வாங்கிப் போட்டு, வீட்டுக்குப் பின்னால் நைட்டி தைக்க ஆரம்பித்தேன். அது உனக்கு நினைவிருக்கும். மூன்று மிஷின் பத்தாகி, பிறகு ஷெட்டு போட்டு, கடைசியில் இருபத்து நான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். முதலில் சேர்ந்தவள் மேலகரத்துப் பேச்சியம்மாள். நீ ஆறாம் வகுப்பில் மஞ்சள் காமாலையில் படுத்தபோது, நான் உன் தங்கையைப் பிரசவித்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பதினெட்டு நாள் உனக்குக் கஞ்சி வைத்து ஊட்டியவள் அவள்தான். துணி வெட்டுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஒரு கட்டுத் துணியில் நான் இருபது நைட்டி எதிர்பார்த்தால் அவள் இருபத்தொன்று எடுத்துக் கொடுப்பாள். அந்த இருபத்தொன்றாவது நைட்டியின் லாபம் என் பைக்குத்தான் வந்தது. அதை அன்றைக்கு நான் யோசித்ததே இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முந்தின வாரம் இந்துப் பெண்களுக்கும் நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம் நம் பெண்களுக்கும் ஒரு மாதச் சம்பளமும் ஒரு சேலையும் கொடுப்பேன். ஒன்பது வருஷம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையில் வைப்பேன். அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நீங்க நல்லா இருக்கணும் அக்கா" என்பார்கள். மகனே, அந்த நாள் எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? புருஷன் கடல் தாண்டி இருக்க, ஒற்றைப் பெண்ணாகக் குடும்பத்தையும் தொழிலையும் இழுத்துக்கொண்டிருந்த எனக்கு, வருஷத்தில் அந்த இரண்டு நாள்தான் நான் பெரியவள் என்று தோன்றும். அந்தப் பணத்தை என் நோட்டில் எங்கே எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பெண்களுக்குக் கொடுத்ததை ஜகாத் என்று எழுதினேன், மற்றவர்களுக்குக் கொடுத்ததைத் தர்மம் என்று எழுதினேன். வருஷா வருஷம் ஏழைகளுக்குக் கொடுத்தே தீர வேண்டிய என் ஜகாத் அந்த அளவுக்குக் கழிந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

பத்தாவது வருஷம் நிலைமை மாறியது. நம் சரக்கை எடுத்துக்கொண்டிருந்த எர்ணாகுளத்து மொத்த வியாபாரி வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்துவிட்டார். நைட்டி மூட்டை மூட்டையாக ஷெட்டில் கிடந்தது. அதே வருஷம் உன் வாப்பா பதினாறு வருஷ வேலையை முடித்துக்கொண்டு சவூதியிலிருந்து வந்துவிட்டார். வந்த கையோடு அவர் கொண்டுவந்த பணத்தில் மாடி கட்டத் தொடங்கியிருந்தோம். பணமே இல்லை என்று சொன்னால் அது பொய். மாடியைப் பாதியில் நிறுத்த எனக்கு மனமில்லை, அதுதான் உண்மை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எல்லாரையும் கூப்பிட்டு, "இந்த வருஷம் சேலை மட்டுந்தான், பணம் கெடையாது" என்றேன். பேச்சி கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா, எனக்குச் சேலை வேண்டாம், பணத்தத் தாங்க. எம்மவ கோமதிக்கு நர்சிங் காலேஜுல பீஸு கெட்டணும். தீபாவளி கழிஞ்ச வாரம் கெட்டிருதேன்னு நாள் சொல்லிட்டு வந்திருக்கேன். வருஷா வருஷம் வருத பணந்தானன்னு நம்பிச் சொல்லிட்டேன்."

"வருத பணமா? நான் குடுத்தா வரும், குடுக்காட்டா வராது. அது என் மனசப் பொறுத்தது பேச்சி."

"வேலைக்குச் சேரும்போது நீங்க அப்படிச் சொல்லலியே அக்கா. மத்த கம்பெனிய விட மாசம் எரநூறு ரூவா கொறச்சலா இருக்கேன்னு கேட்டேன். வருஷத்துக்கு ஒருக்க ஒரு மாசச் சம்பளம் சொளையா வரும்ட்டீன்னு நீங்கதான சொன்னீங்க?"

நான் சொன்னதுதான். அவளிடம் மட்டுமல்ல, ஒவ்வொருத்தியிடமும் அதைச் சொல்லித்தான் வேலைக்கு இழுத்தேன். அத்தனை பேர் முன்னால் அதை அவள் எடுத்துச் சொன்னதும் எனக்கு மானம் போனதுபோல் ஆகிவிட்டது. கோபத்தில் ஒரு வார்த்தை விட்டேன். "அது ஜகாத் பணம்ட்டீ, தர்மப் பணம். தர்மத்த யாராவது அதிகாரமாக் கேப்பாளா?" என்றேன்.

ஓடிக்கொண்டிருந்த இரண்டு மிஷினும் நின்றன. கடைசி வரிசையிலிருந்து ரம்லத் எழுந்தாள். உனக்கு அவளை அவ்வளவாகத் தெரியாது. அதிர்ந்து பேச மாட்டாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, ஒரே மகனை வளர்ப்பதற்காகக் கடையநல்லூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். அவள் தெருப் பள்ளிவாசலில் நோன்பு மாதத்தில் ஜகாத் அரிசி பிரித்துக் கொடுப்பார்கள். வாங்க எல்லாத் தகுதியும் இருந்தும் ஒரு வருஷம்கூட அந்த வரிசையில் போய் நிற்காதவள். அவள் மெதுவாகத்தான் கேட்டாள். "அப்ப நான் இத்தன வருஷமா வாங்குனது ஜகாத்தாக்கா? நான் ஜகாத் வாங்குனதே இல்லன்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்." நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் உன் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிப் புலம்பினேன். அவர் மாடி கட்ட வந்து இறங்கியிருந்த செங்கலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வேலைய விட்டு வரும்போது ரியாத்துல மொதலாளி எனக்குப் பதினாறு வருஷத்துக்கும் கணக்குப் பாத்துப் பணம் குடுத்தான். நான் என்ன, சலாம் போட்டு, அழுது வாங்குனேனா? கையெழுத்துப் போட்டு வாங்குனேன். அவன் 'இது என் மனசப் பொறுத்தது'ன்னு சொல்லிருந்தா இந்தச் செங்கலு இங்கன வந்திருக்குமா?" என்றார். அது வேறு, இது வேறு என்று நான் சண்டைக்குப் போனேன். எப்படி வேறு என்று அவர் திருப்பிக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நல்ல வேளையாக அவர் கேட்கவில்லை.

பெண்கள் வழக்கம்போல வேலைக்கு வந்தார்கள், வழக்கம்போலத் தைத்தார்கள். தீபாவளி வந்தது, போனது. அடுத்த வாரம் தொழிலாளர் அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. பதினேழு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருந்தார்கள், முதல் கையெழுத்து பேச்சியுடையது. நான் மறுபடி மறுபடி அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குக் கஞ்சி ஊட்டிய கை என்று ஒரு மனசு சொன்னது. நன்றி கெட்டவள் என்று இன்னொரு மனசு சொன்னது. அந்த இரண்டாவது மனசின் பேச்சைக் கேட்டுக்கொண்டு, நம் வரிக் கணக்கு பார்த்தவரிடம் போனேன். அவர் சிரித்தார். "இருவது பேருக்குக் கீழ காட்டிட்டா போனஸ் சட்டமே ஒங்க பக்கம் எட்டிப் பாக்காது மைனி. ஆறு பேர வீட்டுல வச்சுத் தைக்கிற ஆளுன்னு எடுத்துருங்க. அதிகம் பேசாத ஆளாப் பாத்து எடுங்க" என்றார். புது ஆஜர் நோட்டு ஒன்று வாங்கினேன். வெள்ளிக்கிழமை லீவில் கதவைச் சாத்திக்கொண்டு, இருபத்து நான்கு பேர் இருந்த நோட்டைப் பதினெட்டுப் பேர் உள்ள நோட்டாக, மாதம் மாதமாக, என் கையாலேயே எழுதினேன். அதிகம் பேசாத ஆறு பேர் யார் என்று யோசித்தபோது முதலில் வந்த பெயர் ரம்லத். அவள் எனக்கு எதிரான மனுவில் கையெழுத்துக்கூடப் போட்டிருக்கவில்லை.

அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை, மனு விசாரணைக்கும் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். வாப்பா என்னோடு வர மறுத்துவிட்டார். நான் தனியாகத் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் உள்ளே நம் பெண்கள் எல்லாரும் இருக்கிறார்கள். தொழிலாளர் அதிகாரி எல்லாரையும்தான் வரச் சொல்லியிருந்தார். எனக்கு இறங்கிவிடலாம் என்று இருந்தது. அதற்குள் பேச்சி எழுந்து, "நின்னுட்டே வராதீங்க அக்கா, ஒங்களுக்கு முட்டு தாங்காது. இங்கன உக்காருங்க" என்று தன் இடத்தைக் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் ரம்லத். என் மடியில் பெரிய துணிப்பை. அந்தப் புது நோட்டு, பழைய ரசீதுகள், தண்ணீர் பாட்டில் என்று அது கனத்தது. பாவூர்சத்திரம் வருவதற்குள் நான் மூன்று தடவை அதை மாற்றி மாற்றி வைத்தேன். "குடுங்கக்கா, நான் வச்சிக்கிடுதேன்" என்று ரம்லத் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆலங்குளம் தாண்டி, திருநெல்வேலி வரை, தன் பெயர் இல்லாத அந்த நோட்டை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி வந்தாள். வாழ்க்கையில் எத்தனையோ பயணம் போயிருக்கிறேன் மகனே, அந்த ஒன்றரை மணி நேரத்தைப் போல நீண்டது எதுவும் இல்லை.

அலுவலகத்தில் விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. அதிகாரி ஒரு பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். நான் நீட்டிய நோட்டை வாங்கி, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பெயர் வந்தவர்கள் "இருக்கேன்" என்று சொல்லி ஒரு பக்கமாக நகர்ந்தார்கள். பதினெட்டு முடிந்தது. ஆறு பேர் அங்கேயே நின்றார்கள்.

"மேடம், எம் பேரு வரலியே. ரம்லத்" என்றாள் அவள்.

அதிகாரி பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "உங்க பேர் எதுலயும் இல்லையேம்மா. இந்த நோட்டுப்படி நீங்க அங்க வேலையே பாக்கல."

ரம்லத் என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. "விட்டுப் போச்சாக்கா? அவசரத்துல எழுதிருப்பீங்க" என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். அந்த அறையில் இருந்த யாருக்கும் நான் அவசரத்தில் விடவில்லை என்பது தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அந்த நிமிஷம் தப்பியிருப்பேன். என்னால் முடியவில்லை. "விட்டுப் போகல. நான்தான் எடுத்தேன். இது புதுசா எழுதுன நோட்டு, பழசு வீட்டுல இருக்கு. எல்லாரும் வேலை பாக்குறவங்கதான்" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அந்த அறையில் யாரும் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

அதிகாரி நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "இத எடுத்துட்டுப் போங்க. அடுத்த வாரம் பழசோட வாங்க" என்றார். பிறகு எனக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார். அதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. "மொதல்ல சட்டம். ஒரு இடத்துல இருபது பேர், வருஷத்துல ஏதோ ஒரு நாள் இருந்தாலே போதும். அந்த வருஷம் முப்பது நாள் வேலை பார்த்தவங்களுக்கு, சட்டம் சொல்ற சம்பள வரம்புக்குள்ள இருந்தா, வாங்குன சம்பளத்துல பன்னிரண்டுல ஒரு பங்காவது கொடுத்தாகணும், நட்டம்னாலும் கொடுக்கணும். உங்க இடத்துல மோட்டார் ஓடுது, அதுக்கு இருபதுகூட வேண்டாம், பத்துப் பேரே போதும். நீங்க பதினெட்டுன்னு எழுதுனதுல உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லம்மா." பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ரெண்டாவது, வழக்கம். ஒரு தடவ கொடுத்தா அது அன்பு. வருஷம் தவறாம, லாப நட்டம் பார்க்காம, எல்லாருக்கும் ஒரே அளவுல, பண்டிகைக்குன்னு கொடுத்துட்டு வந்தா அது வேலையோட நிபந்தனை ஆயிடுது. அதுக்கப்புறம் நிறுத்துறதுக்கு உங்க மனசு மட்டும் போதாது. அவங்க அத நம்பி வாழ ஆரம்பிச்சுட்டாங்க பாருங்க, அதனாலதான்" என்றார்.

மாடி வேலை நின்றது. பழைய நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்பந்தம் எழுதி, இருபத்து நான்கு பேருக்கும் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். இந்தத் தடவை நாற்காலியில் உட்காரவில்லை. மேசையில் ரசீதுப் புத்தகம் இருந்தது, ஒவ்வொருத்தியும் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். பேச்சி வாங்கிய உடனே என் முன்னாலேயே பணத்தை எண்ணினாள். ஒன்பது வருஷத்தில் ஒருத்திகூட என் முன்னால் எண்ணியது கிடையாது. எனக்குச் சுருக்கென்றது. எண்ணி முடித்துவிட்டு, "சரியா இருக்கு அக்கா. எர்ணாகுளத்துக்காரன் போனாப் போறான், கோட்டயத்துல ஒரு கடை இருக்காம், எங்க மதினி சொன்னா. சாம்பிள் வெட்டட்டுமா?" என்றாள். வேலைக்கு நான் வைத்த பெண் என்று மட்டுமே அதுவரை அவளைப் பார்த்திருந்தேன். அன்றுதான் என்னோடு சேர்ந்து ஒரு தொழிலை நடத்துகிறவள் என்று பார்த்தேன். கோமதியின் பீஸை அவள் தன் சங்கிலியை அடகு வைத்து ஏற்கெனவே கட்டியிருந்தாள். இந்தப் பணத்தில் சங்கிலியை மீட்டாள்.

இனி உன்னிடம் சொன்ன பொய்யைச் சொல்கிறேன். எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. அதைச் சட்டம் தெரிந்தவர்களிடம் கேட்க முடியாது. நம் பள்ளிவாசல் ஹஜரத்தின் வீட்டுக்குப் போய், வேலைக்காரப் பெண்களுக்குக் கொடுத்ததை ஒன்பது வருஷம் ஜகாத்தில் எழுதினேனே, அது கூடுமா என்று கேட்டேன். அவர், "சேரும்போதே தருவேன்னு சொல்லி வேலை வாங்கியிருக்கீங்க. அப்ப அது அவங்களுக்குச் சேர வேண்டியது. சேர வேண்டியதக் குடுத்துட்டு அத ஜகாத்னு மனசுல நெனச்சு நிய்யத் வைக்க முடியாதும்மா" என்றார். அப்படியானால் அந்த ஒன்பது வருஷத்து ஜகாத்தும் என் கழுத்தில்தான் இருக்கிறது. எந்த வருஷம் எவ்வளவு என்று குறைத்துக் கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை, முழுவதையும் கொடுத்தேன். இலஞ்சி ரோட்டில் உன் பெயருக்கு என்று வாங்கிப் போட்டிருந்த ஐந்து சென்ட் இடத்தை விற்றுத்தான் கொடுத்தேன். நீ கல்லூரி முடித்து வந்து, அந்த இடத்தில் ஒரு சின்ன ஹோட்டல் போடப் போகிறேன் என்று காகிதத்தில் படமெல்லாம் வரைந்து காட்டினாய். வியாபாரத்தில் நட்டம், அதனால் விற்றுவிட்டோம் என்றேன். நீ படத்தை மடித்து வைத்துவிட்டு, நான்கு மாதத்தில் விசா எடுத்துக்கொண்டு துபாய்க்குப் போய்விட்டாய். பதினோரு வருஷம். உன் மகள் நடை பழகியதைக்கூட நீ போனில்தான் பார்த்தாய். நான் அன்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் நீ போயிருக்கலாம். ஆனால் எதற்காகப் போகிறோம் என்று தெரிந்து போயிருப்பாய். உன் உம்மாவை மன்னித்துக்கொள். உடனே வேண்டாம், உன் மனம் ஆறியபோது.

இப்போது உன் லாட்ஜுக்கு வருகிறேன். சாரல் நாலு மாதத்துக்கு இருபத்தாறு பேர், மழை நின்றால் எட்டுப் பேர் போதும், அதனால் சட்டம் நம்மைத் தொடாது என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஏதோ ஒரு நாள் இருபது பேர் இருந்தாலே போதும் என்று அந்த அதிகாரி சொன்னதை மறுபடியும் படி. சீசனுக்கு மட்டும் வந்து பாத்திரம் தேய்க்கிறவளும் முப்பது நாள் தாண்டினால் அவள் பங்குக்கு உரியவள்தான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முதல் சில வருஷம், லாபம் வந்த வருஷத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்று ஒரு சலுகை இருக்கிறதாம். இருந்தால் அதைத் தாராளமாக எடுத்துக்கொள், ஆனால் அவர்களிடம் அதைச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள். நான் சொல்வதெல்லாம் அன்றைக்கு இருந்த விதி. இப்போது பல சட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கி மாற்றியிருக்கிறார்கள். வந்ததும் ஒரு நல்ல வக்கீலைப் பார்த்துக் கேட்டுக்கொள், ஆள் குறைத்துக் காட்டச் சொல்கிறவரிடம் மட்டும் கேட்காதே. கடமைக்கு மேல் அன்பாக ஏதாவது கொடுக்க உனக்குத் தோன்றினால் அதையும் கொடு. உன்னைப் போல மனசுள்ளவனுக்குத் தோன்றும். ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு வைத்துவிடாதே. நான் அதைத்தான் செய்தேன்.

படுக்கை விரிப்பு, துணிமணி எல்லாம் பேச்சி அக்கா பொறுப்பில் இருக்கட்டும் என்று நீயே சொன்னாய் அல்லவா, அதனால் உன் உத்தரவை அவளிடமும் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தாள். ஏழாவது வரியில் விரலை வைத்து, "தம்பி எழுதுனது இல்ல இது, எங்கேயோ பாத்து எழுதிருக்கான்" என்றாள். பிறகு, "எப்பம் தருவான், எம்புட்டுத் தருவான், எந்த வருஷம் தர முடியாது, அத எழுதச் சொல்லுங்க அக்கா. எவ்வளவு கொறச்சலா இருந்தாலும் சரி, தெரிஞ்சா நாங்க அதுக்குத் தக்கன இருந்துக்கிடுவோம்லா" என்றாள். இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டு, அவள் கேட்ட மூன்றையும் எழுதி அனுப்பு, மறுநாளே அச்சுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

ரம்லத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் பாதிதான். பணம் வாங்கிய மறுவாரம் அவள் வேலையிலிருந்து நின்றுவிட்டாள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடையநல்லூரில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் வந்து நின்றாள். என்னை மாப்புச் செய்துவிடு என்றேன். "பணந்தான் வந்துட்டே அக்கா. அதுக்கு ஒங்க மேல ஒண்ணும் இல்ல. உள்ள வாங்கன்னு கூப்பிட மட்டும் மனசு வரல" என்றாள். அவள் குரலில் வெறுப்பு இல்லை, இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் போகிறேன். வாசலிலேயே நின்று சலாம் சொல்லி, மகன் எப்படி இருக்கிறான் என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். அவளும் பதில் சலாம் சொல்லுவாள், மகனைப் பற்றிச் சொல்லுவாள், அவ்வளவுதான். ஒரு வருஷம்கூட நான் அவளை உள்ளே கூப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை. அது நான் கேட்டு வாங்கக்கூடியது இல்லை.

இந்தப் பெருநாளுக்கும் போனேன். இப்போது முட்டு வலி அதிகம் என்பதால் ஆட்டோவில் போனேன். நான் படியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, ரம்லத் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து வாசலில் போட்டாள். உட்கார்ந்தேன். அவளும் எதிரே படியில் உட்கார்ந்தாள். "ஒங்க மவன் துபாய விட்டு வாரானாமே, குத்தாலத்துல லாட்ஜு எடுக்கானாமே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு, "என் மருமவ பிளஸ் டூ படிச்சிருக்கா. கணக்கு எழுதுவா, கம்ப்யூட்டரும் தெரியும். வீட்டுல சும்மாதான் இருக்கா. ஒங்க மவன்ட்ட சொல்லி வேலை போட்டுத் தருவீங்களா?" என்றாள். சொல்லுகிறேன் என்றேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். "பேர ஒழுங்கா எழுதுவானா அக்கா?" என்றாள்.

உன்னைக் கேட்காமலேயே எழுதுவான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன் பட்டியலில் இருபத்தேழாவதாக அவளைச் சேர்த்துக்கொள். பெயர் சபுரா பீவி. சுருக்காமல், முழுசாக எழுது.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்
உம்மா